தமிழ்நாட்டு நகர வீடும் சுற்றுச்சூழலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களிலும், குப்பை பிரிப்பது பற்றிய வீட்டு வாசல் உரையாடல்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. விடைகள் தமிழ்நாட்டின் நடுத்தர நகரக் குடும்பத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கீடு, ஓர் இருசக்கர வாகனம், எரிவாயு அடுப்பு, கோடையில் ஒரு ஏசி என்ற அளவில் வாழும் எவருக்கும் இவை பொருந்தும்.

சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறோம். பிளாஸ்டிக் பையை விடுவதிலிருந்து தொடங்கலாமா?

தொடங்கலாம், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. பிளாஸ்டிக் கண்ணில் படுவதால் நம் கவனம் முழுவதும் அதன்மேல் போகிறது. வீட்டின் பெரிய சுமையோ மின்கம்பி வழியாகவும் எரிபொருள் வழியாகவும் யாருக்கும் தெரியாமல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இந்திய மின்தொகுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ, 14.2 கிலோ எரிவாயு கொண்ட சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ. இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடும் வீடு மின்சாரத்தின் வழியாக மட்டும் 280 கிலோவை வெளியேற்றுகிறது. ஆகவே கடந்த ஓராண்டின் மின்கட்டண விவரத்தையும் பெட்ரோல் செலவையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த மாதத்தில் எதனால் கூடியது என்று குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பதே சரியான முதல் வேலை.

பிளாஸ்டிக்கின் கேடு வேறு வகையானது. மழைநீர் வடிகாலை அடைப்பது, மாட்டின் வயிற்றில் சேர்வது, எரிக்கப்பட்டால் நஞ்சாக மூச்சில் கலப்பது என்று அதற்குத் தனிக் கணக்கு உண்டு. ஒன்றைச் சரிசெய்துவிட்டால் மற்றொன்றுக்கு ஈடாகிவிடும் என்று எண்ணாமல் இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டும்.

ஏசி இல்லாமல் கோடையைக் கடக்க முடியவில்லை. அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். சித்திரை, வைகாசி மாதங்களில் இரவிலும் சுவர் சூடாக இருக்கும் மாடி வீட்டில், முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் குளிர்ச்சி என்பது உடல்நலத் தேவை. கேட்க வேண்டிய கேள்வி, அதை எப்படி ஓட்டுகிறோம் என்பதுதான். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி வந்ததும் அதனால்தான். அறையை 26 டிகிரியில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலோருக்கு உறக்கம் கெடுவதில்லை. வடிகட்டியைக் கழற்றிக் குழாய் நீரில் கழுவுவது, மேற்குச் சன்னலுக்கு வெளிப்புறமாகத் தட்டி கட்டுவது, மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பது ஆகியவை செலவு குறைந்தவை, ஆனால் உடனே பலன் தருபவை.

மின்விசிறியைப் பெரும்பாலோர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பழைய வகை விசிறி 75 வாட் அளவில் எடுக்கிறது, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகையான பிஎல்டிசி விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரே ஒரு விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் சுமார் 40 யூனிட் குறையும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. மிக அதிகமாக ஓடும் கூடத்து விசிறியையும் படுக்கையறை விசிறியையும் முதலில் மாற்றிவிட்டு, மற்றவை பழுதாகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

எந்த நேரத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதில் வேறுபாடு உண்டா?

உண்டு, இது பலருக்குத் தெரியாத செய்தி. நண்பகலில் மின்தொகுப்பில் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடுகிறது. தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரையிலான காற்றுக் காலத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிகளின் காற்றாலைகளும் சேர்ந்துகொள்கின்றன. மாலை 6 மணிக்கு மேல் சூரியன் மறைந்து வீட்டு விளக்குகள் எரியத் தொடங்கும்போது, அனல்மின் நிலையங்களின் மீதான சார்பு கூடுகிறது. மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் போடுவது, துணி துவைக்கும் இயந்திரம், மாவு அரைப்பது, துணி தேய்ப்பது போன்ற தள்ளிப்போடக்கூடிய வேலைகளைப் பகலில் முடித்துக்கொண்டால், யூனிட் எண்ணிக்கை மாறாவிட்டாலும் அதன் பின்னால் எரியும் நிலக்கரி குறையும்.

மாடியில் சூரிய மின்தகடு போட்டுவிட்டால் போதாதா?

முதலில் தேவையைக் குறைத்துவிட்டு, பிறகு தகட்டின் அளவை முடிவு செய்வது நல்லது. வெயில் நன்றாக விழும் மாடியில் ஒரு கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவில் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொது விளக்கு, மின்தூக்கி, மோட்டார் ஆகியவற்றுக்கான இணைப்பைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவது சங்கத்தால் எளிதில் முடியக்கூடியது.

உணவில் எதைக் கவனிப்பது?

வீணாவதை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் முழுவதும் 100 கோடி டன்னுக்கு மேல் உணவு வீணானது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. உணவகத்தையும் கல்யாண வீட்டையும் குறை சொல்லிப் பழகிய நமக்கு இது கசப்பான செய்தி. ஒரு பிடி சோற்றைக் கொட்டும்போது, அந்த நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீர், அதை இறைத்த மின்சாரம், இட்ட உரம், வடித்த எரிவாயு அனைத்தும் சேர்ந்து போகின்றன. நீர் தேங்கிய நெல் வயல் மீத்தேனையும் வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு சூடேற்றக்கூடியது. நீரைப் பாய்ச்சியும் காயவிட்டும் வளர்க்கும் திருந்திய நெல் சாகுபடி இதைக் குறைக்கிறது, ஆனால் அது உழவர் கையில் இருக்கிறது. அளந்து வடிப்பது நம் கையில் இருக்கிறது.

வாரத்துக்கான காய்கறியை ஒரே நாளில் அள்ளிவந்து குளிர்பெட்டியில் அடுக்கும் வழக்கமே பெரும்பாலான வீடுகளில் வீணாவதற்குக் காரணம். கீரையும் கொத்தமல்லியும் இரண்டே நாளில் அழுகுகின்றன. அவற்றை அவ்வப்போது தெருவில் வரும் தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டு, சேனை, கருணை, பூசணி, வெங்காயம் போன்றவற்றை மட்டும் மொத்தமாக வாங்கலாம். மீந்த சோற்றில் நீரூற்றிப் பழையது ஆக்குவதும், வற்றல் போடுவதும், புளித்த மாவை ஊத்தப்பமாக வார்ப்பதும் நம் அடுப்படியில் ஏற்கெனவே இருக்கும் அறிவு. வாரத்தில் சில வேளை அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு, கம்பு, சாமை ஆகியவற்றைச் சமைத்தால் நீரும் மிச்சமாகும்.

குப்பையைப் பிரித்துக் கொடுத்தால் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

சில தெருக்களில் அப்படி நடப்பது உண்மைதான், அது கோபம் தரக்கூடியது. ஆனாலும் பிரித்துக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு எனப் பிரிப்பதை வீட்டின் கடமையாக்கிவிட்டன. நாம் பிரித்துக் கொடுத்தால்தான் சேர்த்துக் கொட்டுவதைத் தட்டிக் கேட்கும் உரிமை நமக்கு வலுவாக இருக்கும். கலந்த குப்பை எங்கே போகிறது என்பதற்குச் சென்னையின் கொடுங்கையூரும் பெருங்குடியும் சான்று. பெருங்குடிக் கிடங்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மீதே வளர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அது தீப்பற்றியது. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு எரிந்தபோது நகரமே பல நாட்கள் புகையில் மூழ்கியது. காற்றுப் புகாமல் அழுகும் சோறும் காய்கறியும் மீத்தேனை உண்டாக்க, அதோடு கிடக்கும் பிளாஸ்டிக் எரிபொருளாகிறது.

நேர்வழி, மக்கும் குப்பையை வாசலைத் தாண்டவிடாமல் இருப்பது.

மாடி வீட்டில், மண்ணே இல்லாத இடத்தில் உரம் தயாரிக்க முடியுமா? நாறாதா?

முடியும், முறையாகச் செய்தால் நாறாது. அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட இரண்டு மண்பானைகளோ பழைய பெயிண்ட் வாளிகளோ போதும். அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த சருகையோ தென்னைநார்க் கழிவையோ பரப்ப வேண்டும். அதன்மேல் அன்றன்றைய காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், காபித்தூள் சக்கை, நசுக்கிய முட்டை ஓடு, வாடிய பூ ஆகியவற்றைப் போட்டு, அவை கண்ணுக்குத் தெரியாதபடி சருகால் மூட வேண்டும். முதல் வாரத்தில் ஒரு கரண்டி புளித்த மோரைத் தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவாகப் பெருகும். வாரத்துக்கு இருமுறை ஒரு குச்சியால் கிளறிவிட வேண்டும். பானையின் நடுவில் கைவைத்தால் வெதுவெதுப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.

நாற்றம் வந்தால் காரணம் அநேகமாக ஈரம்தான். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்து பாருங்கள்: கையில் ஈரம் தெரிய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இரண்டு பிடி சருகு சேர்த்துக் கிளறி, ஒரு நாள் மூடாமல் விட்டால் சரியாகிவிடும். தட்டையான பழுப்பு நிறப் புழுக்கள் சில சமயம் தோன்றும். அவை குப்பையை வேகமாகத் தின்று தீர்ப்பவை, கெடுதல் செய்பவை அல்ல. மீன் முள், இறைச்சி, எண்ணெய் மிகுந்த குழம்பு ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. ஒரு பானை நிறைந்ததும் அதை மூடி வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கினால், இரண்டு மூன்று மாதங்களில் முதல் பானையில் இருப்பது கருத்து, உதிரியாகி, முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசத்தோடு இருக்கும். கறிவேப்பிலைக்கும் செம்பருத்திக்கும் அதைவிட நல்ல உரம் கடையில் கிடைக்காது. இதற்கு நாளொன்றுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. வெறுப்போடு தொடங்கி, பிறகு விட மனமில்லாமல் போனவர்கள் பலர்.

எந்தப் பிளாஸ்டிக் உண்மையில் மறுசுழற்சிக்குப் போகிறது?

பழைய பேப்பர் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குவது போகிறது, அவர் ஒதுக்குவது பெரும்பாலும் போவதில்லை. தண்ணீர் பாட்டில், எண்ணெய் கேன், வாளி, குடம், பால் கவர் ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு. பால் கவரைத் திறக்கும்போது மூலையை முழுவதுமாக வெட்டி எறியாமல், துண்டு கவரிலேயே ஒட்டியிருக்கும்படி வெட்டுங்கள். விரல்நுனி அளவுள்ள அந்தத் துண்டை எந்த இயந்திரமும் எந்தக் கையும் பொறுக்கி எடுக்காது, அது சாக்கடை வழியாகக் கடலுக்குத்தான் போகும். கவரை அலசிக் கொடியில் காயப்போட்டுச் சேர்த்தால், பிரித்தெடுக்கும் தொழிலாளியின் கையும் அழுகலில் புழங்காமல் இருக்கும்.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் ஆகியவை பல படலங்களை, சிலவற்றில் அலுமினியத்தையும், சேர்த்து ஒட்டியவை. படலங்களைப் பிரிக்க முடியாததால் பேப்பர் கடையில் அவற்றுக்கு விலையில்லை. சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் வழக்கம் நாடு முழுவதும் பரவியதில் நம் கடலூருக்குப் பெரும் பங்கு உண்டு. மொத்தமாக வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு அது உதவியதை மறுக்க முடியாது, ஆனால் காலி பாக்கெட்டுக்கு யாரும் வழி செய்யவில்லை. இவற்றில் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளின் உலைக்குப் போகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறையில் தார்ச்சாலைக்குள் கழிவுப் பிளாஸ்டிக் கலக்கப்படுவதும் உண்டு, அப்பணிக்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவை அழுக்கை நல்ல விதமாகப் புதைக்கும் வழிகள். வாங்காமல் இருப்பதற்கு இவை ஈடாகா.

பேப்பர் கப்பும் "மக்கும் பை"யும் நல்லவைதானே? துணிப்பை?

பேப்பர் கப்பின் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது, இல்லாவிட்டால் தேநீர் ஊறிவிடும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் உண்டு. "மக்கும்" என்று அச்சிட்ட பைகளில் பல, சூடு காக்கப்படும் பெரிய உரக்கூடங்களில் மட்டுமே மக்கக்கூடியவை. தெருவோரத்தில் கிடந்தால் அவை நெடுநாள் அப்படியே இருக்கும்.

துணிப்பை நல்லது, பலமுறை பயன்படுத்தினால். பருத்தி விளைவிக்க நீரும் உரமும் தேவை. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமயமாதல் கணக்கில் ஒரு பருத்திப் பை மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட மேலாக வேண்டுமானால் அதை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று கண்டது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். விழாவுக்கு விழா புதுப் பை கொடுத்து வீட்டில் அடுக்கி வைப்பது அதன் நோக்கத்துக்கே எதிரானது. இரண்டு பைகளை வண்டியின் பெட்டியில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். மாவுக்கும் இறைச்சிக்கும் எவர்சில்வர் தூக்குவாளியோ டப்பாவோ எடுத்துச் செல்லுங்கள்.

குடிநீருக்கு ஆர்ஓ இயந்திரம் கட்டாயமா?

எல்லா வீட்டுக்கும் இல்லை. பல வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் நல்ல நீருக்காக மூன்று லிட்டர் வரை வெளியேற்றுகின்றன. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. ஆற்றுநீர் குழாயில் வரும் ஊர்களில் காய்ச்சி வடிகட்டினாலே போதுமானதாக இருக்கலாம், உப்பை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். கிணற்று நீர் கடுமையாக உப்புக் கரிக்கும் வீடுகளில் ஆர்ஓ தேவைப்படும்போது, வெளியேறும் நீரை ஒரு குடத்தில் பிடித்து வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். செடிக்கு ஊற்றினால் உப்புச் சேரும்.

சென்னைவாசிகள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்க, ஆயிரம் லிட்டருக்குச் சில யூனிட் மின்சாரம் செலவாகிறது. குழாய்க் கசிவு ஒரு மின் கசிவும்கூட. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். ஐப்பசி அடைமழைக்கு முன் அதன் மணலையும் கூழாங்கல்லையும் கழுவிப் போடுங்கள். கட்டிய நாளிலிருந்து திறந்தே பார்க்கப்படாத தொட்டிகள் ஏராளம்.

துணி வாங்குவதில் என்ன பெரிய பாதிப்பு?

நொய்யல் ஆற்றைப் பாருங்கள். திருப்பூரின் சாயக் கழிவு ஓரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. உழவர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. அதன்பின் கழிவுநீரை வெளியே விடாத சுத்திகரிப்பு முறையோடு ஆலைகள் திறக்கப்பட்டன. ஆனால் அந்த முறைக்கும் மின்சாரம் வேண்டும், மிஞ்சும் உப்புக் கசடுக்கும் இடம் வேண்டும். ஒரு பருத்திச் சட்டைக்குப் பின்னால் சுமார் 2,700 லிட்டர் நீர் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டு மடங்கு காலம் உடுத்துவது அந்தச் சுமையைப் பாதியாக்கும். பொத்தான் தைப்பதும், தையற்கடையில் பிரித்துத் தைப்பதும், அக்காவின் பாவாடையைத் தங்கை உடுத்துவதும் வெட்கப்பட வேண்டிய வழக்கங்கள் அல்ல.

பழைய செல்பேசியை என்ன செய்வது?

முடிந்தவரை ஓட்டுங்கள். ஒரு செல்பேசியின் மொத்த உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது, ஆகவே புதுப் பேட்டரி போட்டு இரண்டு ஆண்டு கூடுதலாக வைத்துக்கொள்வது பெரிய சேமிப்பு. இனி முடியாது என்றால் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ, நிறுவனத்தின் சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், அது வண்டியிலேயே தீப்பிடிக்கக்கூடும்.

நான் ஒருவர் மாறினால் என்ன ஆகிவிடும்? பெரிய ஆலைகள் அல்லவா மாற வேண்டும்?

ஆலைகளும் அரசும் மாறத்தான் வேண்டும், அதைக் கேட்கும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் மட்டும் ஒழுங்காக இருப்பது போதாது. நீலகிரியில் உடைந்த மதுப் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்த நிலையில், 2022-இல் உயர்நீதிமன்றத்தின் அறிவுறுத்தலால் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. குடிப்பவரின் மனமாற்றத்துக்குக் காத்திருக்காமல் விதியே பாட்டிலைத் திரும்ப வரவழைத்தது. தண்ணீர் பாட்டிலுக்கும் எண்ணெய் கவருக்கும் இதையே கேட்க வேண்டும். பேருந்து அடிக்கடி வராத ஊரில் வண்டியை விடுங்கள் என்று அறிவுரை சொல்வதைவிட, வார்டு உறுப்பினரிடம் பேருந்து கேட்டு மனுக் கொடுப்பது பயனுள்ளது. வீட்டில் செய்துபார்த்தவரின் கோரிக்கைக்குக் கூட்டத்தில் மதிப்பும் அதிகம்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் கல்யாணம். என்ன செய்யலாம்?

ஒரு குடும்பம் பல ஆண்டுகளில் உண்டாக்கும் குப்பை இரண்டே நாளில் சேரக்கூடிய இடம் கல்யாண மண்டபம் என்பதால், இந்தக் கேள்வியை மிகவும் வரவேற்கிறோம். பந்தியில் இலைக்கு ஒன்றாக வைக்கப்படும் 300 மில்லி தண்ணீர் பாட்டிலை முதலில் நிறுத்துங்கள், பாதி குடித்த பாட்டில்கள்தான் மேசையில் மிஞ்சுகின்றன. 20 லிட்டர் கேன், எவர்சில்வர் டம்ளர், ஊற்றுவதற்கு இரண்டு ஆள் என்று சமையல்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

வாழை இலை மாட்டுத் தீவனமாகவோ உரமாகவோ போகும், ஆனால் ஐஸ்கிரீம் கப், பிளாஸ்டிக் கரண்டி, கைதுடைக்கும் தாள், பீடா குச்சி ஆகியவற்றை இலையோடு சேர்த்துச் சுருட்டி எடுத்தால் மாட்டுக்காரரும் வாங்கமாட்டார், உரக்கூடமும் ஏற்காது. பந்தி எடுப்பவர்களுக்கு இலைக்கு ஒரு தொட்டி, மற்றவைக்கு ஒரு தொட்டி என இரண்டு கொடுத்து, கூடுதல் கூலியும் கொடுங்கள். கேட்காமலேயே அனைத்தையும் இலையில் நிரப்புவதற்குப் பதிலாகச் சிறிது வைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறச் சொல்லுங்கள். உபசரிப்பு அதனால் குறைவதில்லை. மிஞ்சும் உணவை எந்த இல்லத்துக்கு, எத்தனை மணிக்கு, யார் வண்டியில் அனுப்புவது என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் இடம் தேடினால் சாம்பார் புளித்துவிடும்.

வாசலில் வைக்கும் ஃப்ளெக்ஸ் பதாகை பிவிசி என்ற பிளாஸ்டிக் பூசப்பட்டது, எரித்தால் நச்சுப் புகை தரும். துணியில் எழுதவோ, பூவால் பெயர் கட்டவோ ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை கொடுப்பதாக இருந்தால், தைக்கச் சொல்லும்போதே அடியில் இரட்டைத் தையலும், ஐந்து கிலோ அரிசி தாங்கும் காதும் கேளுங்கள். மணமக்கள் பெயரைப் பெரிதாக அச்சிட்ட பையை யாரும் கடைக்கு எடுத்துச் செல்வதில்லை, ஆகவே பெயர் சிறிதாக ஓர் ஓரத்தில் இருக்கட்டும்.